சீட்டுக்குப் பின்னால் உள்ள இடம்

சேசு மரி சூசை

ஓப்பநாயக்க
9 மார்ச் 2025

அன்பு மகள் ஸ்டெபானிக்கு,

உறையின் மேல் 'சகோதரி ஸ்டெபானி' என்றுதான் எழுதியிருக்கிறேன். உள்ளே மகள் என்றுதான் கை எழுதுகிறது. மடத்து மதர் மன்னிக்கட்டும்.

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். தபசுகாலம் தொடங்கியதிலிருந்து நான் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறேன். அப்பா வெற்றிலையை நிறுத்துவதாகக் கோயில் வாசலில் சொன்னார். சாம்பல் புதன் ஒரு நாள் நிறுத்தினார், அதோடு சரி.

போன மாதம் நீ எழுதியது ஒரே ஒரு பக்கம். நொவிசியேட் முடியும் வரைக்கும் போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று தெரிந்திருந்தும் ஒரு பக்கம் எழுதினால் அது எனக்கு எந்த மூலைக்கு?

வீட்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி பிக்கப்பை அப்பா வாங்கிவிட்டார்! தேயிலை பெக்டரிக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்ததே, அதேதான். இருபது வருசம் தான் ஓட்டிய வண்டி இரும்புக்குப் போவதை அவரால் பார்க்க முடியவில்லை. உன்னை எட்டு மாதக் குழந்தையாகப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதில்தான். நீ கண் சொருகித் துவண்டு கிடக்க, "அந்தோனியாரே, இந்தப் பிள்ளை பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று நான் நேர்ந்துகொண்டதும் அந்தச் சீட்டில்தான். உனக்கு இது மனப்பாடம். ஆகஸ்ட் பதினைந்தில் நீ கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது அந்த வண்டியிலேயே வந்து இறங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

எஞ்சினைக் கராஜ்கார ஸம்சுதீன் பாஸ் உயிர்ப்பித்துவிட்டார். இப்போது தகராறு பெட்ரோல் டேங்கில். பழையது துருப்பிடித்துப் போய்விட்டதால் புதிதாகச் செய்ய வேண்டும். அதை எங்கே பூட்டுவது என்பதுதான் சண்டை. உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் டேங்கை உள்ளேயே, சீட்டுக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள்.

"ரெஜினோல்ட் அண்ணே, பெட்ரோல முதுகுல கட்டிக்கிட்டுப் போறதுக்கு நீங்க என்ன ராக்கெட்டா?" என்கிறார் பாஸ்.

"செஞ்சவன் என்ன கிறுக்கனா? அவன் வச்ச எடத்துலயே வைப்பா" என்கிறார் அப்பா.

"செஞ்சவன் செத்தே போய்ட்டான் அண்ணே. நீங்களாவது இருங்க."

இரண்டு வாரமாக இதே பேச்சுதான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். நீ மடத்துக்குப் போவதற்கு முன் அந்த மோட்டார் மெக்கானிக் கோர்ஸ் ஆறு மாதம் படித்தாயே. பொழுதுபோக்குக்குப் படித்தாலும் உன் வார்த்தைக்கு அப்பா கட்டுப்படுவார். ஒரு வரி எழுது.

உனக்காக ஜெபமாலை சொல்லும்
அம்மா
லூர்துமேரி


நொவிசியேட் இல்லம்
23 மார்ச் 2025

இயேசுவில் அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெபம், திருப்பலி, வகுப்பு எல்லாம் நன்றாக நடக்கின்றன. உங்கள் இருவருக்காகவும் தினமும் மன்றாடுகிறேன்.

அம்மா, டேங்க் விசயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று உடனே சொல்லுங்க! நாலு இடம் இருக்கிறது. முதலாவது அப்பா சொல்கிற இடம், சீட்டுக்குப் பின்னால். பைப் வேலை குறைவு, வண்டியும் பழைய வண்டியாகவே இருக்கும். ஆனால் ஒரு பொட்டுக் கசிந்தாலும் வாசம் முழுவதும் உட்காருகிறவர்களுக்குத்தான். கண்ணாடியை மூடினால் பெட்ரோல் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி. இரண்டாவது, பின்னால் சாமான் தட்டிலேயே முன் ஓரமாக வைப்பது. மரக்கறி மூட்டைக்கு இடம் போய்விடும், மூட்டை போய் அதில் இடிக்கும். மூன்றாவது, சேஸிக்கு வெளிப்பக்கமாகத் தொங்கவிடுவது. நம் தோட்டத்து ரோட்டில் பக்கவாட்டுக் கல்லும் மதகுச் சுவரும் அதை ஒரு மாதத்தில் நசுக்கிவிடும்.

நான்காவதுதான் பாஸ் சொல்வது என்று நினைக்கிறேன். பின் அச்சுக்கும் அப்பால், சேஸியின் இரண்டு தண்டுகளுக்கு நடுவில், சாமான் தட்டுக்குக் கீழே. இப்போது அங்கே ஸ்பெயார் டயர் தொங்கும். டயரை மேலே தட்டுக்குள் ஏற்றிவிடலாம். ஆனால் அளவு பார்க்காமல் சொல்ல மாட்டேன். சுமை ஏறும்போது அச்சு மேலே எழும்பும், அது டேங்கில் தட்டக்கூடாது. சைலன்சர் பைப் எந்தப் பக்கம் போகிறது? தண்டுக்குத் தண்டு எத்தனை அங்குலம்? அச்சிலிருந்து கடைசிக் குறுக்குத் தண்டு வரை எத்தனை? பழைய டேங்கின் நீளம், அகலம், உயரம் என்ன? அப்பாவிடம் கேட்காதீங்க. அவர் இரண்டு கையையும் விரித்து "இம்புட்டு" என்பார். நீங்களே டேப்பைப் பிடித்து எழுதி அனுப்புங்க.

படம் மூன்று வரைந்து வைத்திருக்கிறேன். டேங்கைக் கட்டிப் பிடிக்கிற இரும்பு ஸ்ட்ராப்புக்கு அடியில் ரப்பர் வைக்காவிட்டால் தகரம் தேய்ந்து ஓட்டை விழும், அதையும் பாஸிடம் சொல்லுங்க. மீதி மற்றப் பக்கங்களில்.

அன்புடன்
சகோ. ஸ்டெபானி


சேசு மரி சூசை

ஓப்பநாயக்க
6 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பிக்கப்புக்கு அடியில் படுத்துவிட்டேன். வெளியே என் கால் மட்டும் தெரிந்திருக்கிறது. மேல் லயத்துக் கோகிலா பார்த்துவிட்டு, "ஐயோ, லூர்தக்காவ வண்டி ஏத்திருச்சு!" என்று கத்த, பாதி லயம் கூடிவிட்டது. நான் உள்ளேயிருந்து, "சாகலடி, அளக்குறேன்!" என்றேன். "எதுக்கு, சவப்பெட்டிக்கா?" என்றாள். அவள் வாய்க்குத் தபசுகாலம் என்று ஒன்று இல்லை.

தண்டுக்குத் தண்டு 33 அங்குலம். அச்சிலிருந்து கடைசிக் குறுக்குத் தண்டு வரை 30. சைலன்சர் பைப் இடது பக்கம். பழைய டேங்க் வெளியே தெரிகிற வரைக்கும் நீளம் 40, உயரம் 14, கனம் 8. இரண்டு தரம் அளந்து வரவு செலவுக் கொப்பியின் பின் பக்கத்தில் குறித்துக்கொண்ட பிறகுதான் இதில் எழுதினேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கும் பாஸுக்கும் வாசித்துக் காட்டினேன். பாஸ் பாதியிலேயே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, இந்தப் புள்ளைய எங்கிட்ட விட்டிருந்தா இந்நேரம் கராஜ் போர்டுல அது பேருதான் இருக்கும்" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு தனியாக எடுத்து வாசித்தேன். மகளே, உன் கடிதத்தில் ஜெபம் இரண்டு வரி, டேங்க் நாலு பக்கம். குறை சொல்லவில்லை. எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு, அதனால் கண்ணில் பட்டது. அந்த நாலு பக்கத்தில் நீ சின்னப் பிள்ளையாகப் பேசுவது காதில் கேட்டது. முதல் தரம் வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. அடுத்த தரம் வாசித்ததும் மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். நீ அங்கே சந்தோசமாகத்தானே இருக்கிறாய்?

குருத்தோலை ஞாயிறு வருகிறது. தண்ணீர் நன்றாகக் குடி.

அம்மா
லூர்துமேரி


நொவிசியேட் இல்லம்
27 ஏப்ரல் 2025

இயேசுவில் அன்புள்ள அம்மாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக.

அளவுகள் துல்லியம். பாஸ் சொல்கிற இடமே சரி. நீளம் 28, அகலம் 20, உயரம் 8 என்று செய்யச் சொல்லுங்க. பெருக்கிப் பாருங்க அம்மா, பழைய டேங்க்கும் இதுவும் ஒரே அளவுதான் வருகிறது, ஒரு சொட்டுக்கூட வித்தியாசம் இல்லை! தண்டுகளுக்குள் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் மிஞ்சும். அச்சுக்கு இடம் விட்டுப் பின்னால் தள்ளிப் பூட்டணும். அடியில் ஒரு தடித்த தகடு, ரோட்டுக் கல்லுக்காக. சைலன்சர் பைப்பைப் பின் சக்கரத்துக்கு முன்னாலேயே வெளியே திருப்பிவிடணும். காற்றுப் போகிற குழாயைச் சாமான் தட்டின் உயரத்துக்கு மேலே கொண்டுபோகணும்.

இனி டேங்க் பற்றி எனக்கு எழுத வேண்டாம் அம்மா.

பெரிய வியாழன் ஆராதனையில் எனக்கு ஒரு மணி நேரம் முழங்காலில் இருக்கும் முறை வந்தது. தேவநற்கருணைக்கு முன்னால். எல்லாரும் கண்ணீரோடு இருந்தார்கள். எனக்கு அந்தக் காற்றுக் குழாயை எங்கே வளைப்பது என்று மட்டும்தான் தோன்றிக்கொண்டிருந்தது. வளைவு பிடிபட்டதும் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த சகோதரி நான் பரவசத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

இங்கே யாரும் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஆண்டவர் மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை. உங்கள் நேர்த்தியால் கிடைத்த உயிர் இது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அந்த உயிரை வைத்துக்கொண்டு பெட்ரோல் குழாயை நினைக்கிறேன். ஆகஸ்டுக்குள் என்னைச் சரிப்படுத்திக்கொள்வேன். நீங்க கவலைப்படாதீங்க.

சகோ. ஸ்டெபானி


சேசு மரி சூசை

ஓப்பநாயக்க
18 மே 2025

அன்பு மகளுக்கு,

டேங்க் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தாய். இந்த ஒரு தரம் மட்டும் அம்மாவைப் பொறுத்துக்கொள். இதை மறைத்துக்கொண்டு, போன ஞாயிறு பூசையில் நன்மை வாங்க என்னால் எழும்ப முடியவில்லை. கோகிலாகூடக் கேட்டாள், "காலு வலியாக்கா?" என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

பழைய டேங்கைக் கழற்றினார்கள். சீட்டை எடுத்து, பின்னால் இருந்த தகரத்தையும் எடுத்தார்கள். டேங்கின் முன் பக்கம், உட்காருகிறவர் முதுகைப் பார்க்கிற பக்கம், கீழ் ஒட்டு ஓடுகிற இடத்தில் மஞ்சளாக என்னவோ தடித்து அப்பியிருந்தது. பாஸ் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சவுக்காரம்" என்றார்.

அப்பா சிரித்தார். "நான் அப்புனதுதாம்பா. ஒழுகுற எடத்துல சவுக்காரத்தத் தேச்சா பெட்ரோல் நிக்கும்ல. தோட்டத்துத் தொரைகிட்ட சொன்னா அடுத்த மாசம் அடுத்த மாசம்னாரு. மேட்டுல ஏறையில அது கழண்டுரும். தலை கிறுகிறுனு வரும். கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவேன்."

"எந்த வருசம்ணே அது?" என்று பாஸ் சும்மா கேட்டார்.

"அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

மகளே, வெள்ளம் வந்த வருசம்தான் உனக்கு எட்டு மாதம். உனக்குக் காய்ச்சல் இருந்தது, அது பொய்யில்லை. லயத்திலிருந்து இறங்கும்போது நீ அழுதுகொண்டுதான் இருந்தாய், நல்ல சத்தமாக. உன்னைத் தோளில் போட்டிருந்தேன். உன் முகம் சீட்டின் பின் பக்கத்தைப் பார்த்து இருந்தது. மழை. அப்பா கண்ணாடியை இறக்கினார். "புள்ளைக்குக் குளிர் காத்து ஆகாது" என்று நான்தான் சண்டை போட்டு ஏற்ற வைத்தேன், இரண்டு பக்கமும். ஓப்பநாயக்க டவுனைத் தாண்டியதும் உன் அழுகை நின்றது. கண் சொருகியது. அப்போதுதான் நேர்ந்துகொண்டேன். முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் தளும்புகிற சத்தத்தோடு.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, மழைக்காற்று பட்டதும் நீ கண்ணைத் திறந்தாய். டாக்டர் தொடுவதற்கு முன்பே. அதைத்தான் ஒவ்வொரு வருசமும் அந்தோனியார் திருநாளில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னேன். வாசலில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் ஒன்று கேட்டதை மட்டும் சாட்சியில் சேர்த்ததில்லை, அதில் ஒன்றுமில்லை என்று நினைத்து. "என்னம்மா, பிள்ளை மேல் இப்படி பெட்ரோல் நாறுகிறது?" என்றுதான் கேட்டாள்.

ஆண்டவர்தான் காற்றை அனுப்பினார் என்று சொல்லலாம். நானும் அப்படியே சொல்லிப் பார்த்தேன். ஆனால் கண்ணாடியை மூடியது நான். மூடிவிட்டு, நான் மூடியதால் வந்ததற்கு அவரிடம் பேரம் பேசினேன். அந்தப் பேரத்துக்கு உன்னைக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா அன்றைக்குச் சோறு தொடவில்லை. "ஓட்டுனது நான் லூர்து" என்றார். "மூடச் சொன்னது நான்" என்றேன். பாஸ் ஸ்பானர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்.

இதை உன்னிடம் சொல்வது பாவமா, சொல்லாமல் விடுவது பாவமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அம்மா


சேசு மரி சூசை

ஓப்பநாயக்க
22 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் முகம் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

அந்தோனியார் திருநாள் முடிந்தது. ரொட்டி மந்திரித்துக் கொடுத்தார்கள். சாட்சி சொல்லும் நேரம் எல்லாரும் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழும்பவில்லை. பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சவுக்காரம் உட்பட. சாமி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா, நேந்துகிட்டது யாரு?" என்றார். நான்தான் சாமி என்றேன். "அப்ப நேத்தி உங்களத்தான் கட்டும், அந்தப் பிள்ளைய இல்ல. மடத்துக்குப் போகணும்னா நீங்கதான் போகணும்." நான் அழுகைக்கு நடுவில் கேட்டுவிட்டேன், "அப்ப ரெஜினோல்டுக்கு யாரு சாமி சோறாக்குறது?" என்று. அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இத்தன வருசத்துல ஒரு தடவையாவது அவகிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

கேட்டதில்லை மகளே. மார்க்கு, சாப்பாடு, செருப்பு அளவு எல்லாம் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்கும்போல.

டேங்க் பூட்டியாகிவிட்டது, நீ சொன்ன இடத்தில். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தண்ணீர் நிரப்பி, அடியில் பத்திரிகை விரித்து ஒரு நாள் முழுக்க வைத்தோம். தாள் நனையவில்லை. காற்றுக் குழாயைப் பாஸ் நீ வரைந்த படத்தைப் பார்த்தே வளைத்தார். வளைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெல்மதுளை வரை ஓடிப் போய் வந்தோம். உள்ளே வாசமே இல்லை. எனக்கு அந்த வாசம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது முதலில் அந்நியமாக இருந்தது.

சீட்டுக்குப் பின்னால் டேங்க் இருந்த இடம் இப்போது காலி. அப்பா ஜாக்கி, கயிறு எல்லாம் அங்கே போடலாம் என்றார். நான் ஒன்றும் போட விடவில்லை. அளந்தேன். அகலம் 44, உயரம் 19, ஆழம் 12.

நீ மடத்துக்குப் போகும்போது அப்பா இரத்தினபுரியில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, உன் பெயர் எழுதிக் கொடுத்தாரே. நான் அளவு பார்க்காமல் வாங்க விட்ட சாமான் அது ஒன்றுதான். அன்றைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை எனக்கு.

ஆகஸ்டில் நாங்கள் கட்டாயம் வருவோம். நீ வார்த்தைப்பாடு கொடுப்பதாக இருந்தால் மாலையோடு வந்து முன் வரிசையில் உட்காருவோம். அது உன் மனசிலிருந்து வந்ததென்றால் எங்களுக்கு அதைவிடப் பெரிய பேறு இல்லை. அப்படி இல்லையென்றால், அந்தப் பெட்டி சீட்டுக்குப் பின்னால் போகுமா போகாதா என்று எனக்குத் தெரிய வேண்டும். தேவையில்லை என்றால் அளவு எழுத வேண்டாம். நான் திருப்பிக் கேட்க மாட்டேன்.

அம்மா
லூர்துமேரி


6 ஜூலை 2025

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

பதில் எழுதாமல் இருந்ததற்கு உங்கள் மேல் கோபம் காரணம் இல்லை. சவுக்காரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வரக்கூடாது என்று நினைத்தேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆனது. ஒதுக்கி வைத்த பிறகும் பதில் ஒன்றாகத்தான் இருந்தது. மதரிடம் பேசினேன்.  கேட்டுவிட்டு, போவதற்கு முன் மடத்து வேனின் சரியாக மூடாத பின் கதவைத் திருத்தித் தர முடியுமா என்றார்.

நீளம் 27. கைப்பிடி இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். உயரம் 16. கனம் 11, பூட்டு மாட்டும் கொண்டியோடு சேர்த்தால் பதினொன்றே முக்கால். கால் அங்குலம் மிஞ்சும். போதும்.

ஆகஸ்ட் திருநாள் வரைக்கும் இருக்க வேண்டாம். முடிந்தால் அதற்கு முதலே வாங்க.

வரும்போது இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி விட்டுக்கொண்டு வாங்க அம்மா. மழை பெய்தாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்
ஸ்டெபானி